காற்றில் போவதற்கு எந்தச் சொல்? ‘மித’வும் அதன் கூட்டாளிகளும்

தமிழில் புதிதாக எழுத வருகிறவர்களின் பேனா அடிக்கடி போய் நிற்கும் இடம் ‘மிதந்து வந்தது’. பஞ்சு மிதந்து வரும், பாட்டு மிதந்து வரும், மல்லிகை மணம் மிதந்து வரும், மேகமும் புகையும் வதந்தியும்கூட மிதந்து வரும். ஒரே பக்கத்தில் நான்கு முறை வந்தால் வாசகருக்கு அலுப்பு தட்டும். சரி என்று அகராதியைத் திறந்து ‘தவழ்ந்தது’, ‘உலாவியது’, ‘கமழ்ந்தது’ என மாற்றிப் போட்டால் வேறு சிக்கல். ‘சாக்கடை நாற்றம் கமழ்ந்தது’ என்பதில் இலக்கணப் பிழை ஏதும் கிடையாது. ஆனால் படிப்பவர் சிரித்துவிடுவார்.

இந்த வினைகள் ஒன்றின் இடத்தில் ஒன்றை வைக்கும்படி அமைந்தவை அல்ல. எப்படி அசைகிறது என்று பார்ப்பதற்கு முன்னால் எது அசைகிறது என்று பாருங்கள். இலைக்கு ஒரு வினை, புகைக்கு ஒரு வினை, மணத்துக்கு ஒன்று, ஓசைக்கு ஒன்று. பொருளும் வினையும் ஜோடி ஜோடியாகவே புழங்குகின்றன. அந்த ஜோடிகள் பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி: ‘மித’வைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

மித என்பது முதலில் தண்ணீருக்கு உரிய சொல். கட்டை மிதக்கிறது, படகு மிதக்கிறது, எண்ணெய் தண்ணீர் மேல் மிதக்கிறது. மூழ்காமல் நிற்பதுதான் அதன் அடிப்படைப் பொருள். நகர்வது இரண்டாம் பட்சம். அதே பொருளோடுதான் அது காற்றுக்கும் வந்தது. விழ வேண்டிய ஒன்று விழாமல் நிற்கும்போது ‘மிதக்கிறது’ என்கிறோம். இறகு, இலவம் பஞ்சு, சோப்பு நுரைக் குமிழி, பலூன், வெயில் கற்றையில் தெரியும் தூசி, எடையின்மையில் இருக்கும் விண்வெளி வீரர் ஆகியவற்றுக்கு இந்தச் சொல் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். நான்கு அடையாளங்கள்: கண்ணுக்குத் தெரியும், எடை குறைவு, வேகம் குறைவு, தானாக முயலாது. இவற்றில் இரண்டு இல்லையென்றால் வேறு வினையைத் தேடுவது நல்லது.

வினைத் திரிபு நட, பற, கட போலவே: மிதக்கிறது, மிதந்தது, மிதக்கும், மிதந்து, மிதக்காமல். எழுத்து நடையில் பன்மை எழுவாய் வந்தால் முற்றும் பன்மையாக வேண்டும்: ‘குமிழிகள் மிதந்தன’. ‘குமிழிகள் மிதந்தது’ என்பது பேச்சில் ஓடிவிடும், அச்சில் உறுத்தும். பிறவினைக்கு இன்றைய வழக்கில் தனி வடிவம் கிடையாது. மிதக்கவிடு அல்லது மிதக்கச் செய் என்றுதான் சொல்ல வேண்டும். உரையாடலில் எழுதும்போது பல வட்டாரங்களில் ‘மெதக்குது’ என்று எகரமாக ஒலிப்பதை அப்படியே எழுதலாம். இலை ‘எலை’ ஆவது போலத்தான் இதுவும்.

பெயர்ச்சொல் வேண்டுமானால் மூன்று உண்டு, மூன்றும் வெவ்வேறு. செயலுக்கு மிதத்தல். பொருளுக்கு மிதவை: தெப்பம் போன்றது, நீரில் கட்டி வைக்கும் அடையாளக் குமிழ், மிதவைப் பாலத்தின் அடிப்பாகம். மூன்றாவது மிதப்பு, இதில்தான் கவனம் தேவை. பாடநூலில் ‘மிதப்பு விசை’ என்றால் சிக்கலில்லை. மனிதரைப் பற்றி ‘மிதப்பில் இருக்கிறார்’ என்றால் தலைக்கனம், அல்லது உள்ளே கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ‘அவர் மிதந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தார்’ என்று மென்மையான நடையை வர்ணித்து எழுதினால், வாசகர் போதை என்றே எடுத்துக்கொள்வார். ஆற்றில் ஆள் மிதந்தார் என்றால் இன்னும் மோசம், பிணம் என்றே பொருள்படும். உயிரோடு இருப்பவர் என்றால் ‘மல்லாந்து மிதந்தபடி நீந்தினார்’ என்று ஒரு சொல்லாவது சேர்த்துக் காப்பாற்ற வேண்டும். ‘மகிழ்ச்சியில் மிதந்தார்’ மட்டும் எந்தத் தொல்லையும் இல்லாதது.

வேறொரு ‘மித’வும் உண்டு. மிதவெப்பம், மிதவேகம் என்பவற்றில் வருவது மிதம், அதாவது அளவோடு இருப்பது. வடமொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கும் மிதத்தலுக்கும் உறவு இல்லை. ‘மிதமான காற்று’ என்றால் மிதக்கிற காற்று என்று பொருள் கொள்ளக் கூடாது.

அறிவியல் கட்டுரை எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ஹீலியம் பலூன் காற்றில் மிதப்பது மிதப்பு விசையால். அங்கே சொல்லும் இயற்பியலும் ஒத்துப்போகின்றன. தூசி அப்படி மிதப்பதில்லை, மிக மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, காற்றோட்டம் அதைத் தூக்கித் தூக்கி விடுகிறது. இருந்தாலும் ‘காற்றில் மிதக்கும் நுண்துகள்கள்’ என்ற தொடர் நிலைபெற்றுவிட்டது. 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைந்த விட்டமும் உள்ள துகள்களைப் பற்றிய செய்திகளில் எல்லாம் அதைப் பார்க்கலாம். மாற்ற முயல வேண்டாம். நோய்க்கிருமி விஷயத்தில் மட்டும் ‘காற்று வழிப் பரவும்’ என்பதே சரியான தொடர்: காசநோய் காற்று வழிப் பரவும் நோய். ‘காற்றில் மிதந்து வரும் நோய்’ என்றால் கவிதை வாசனை அடிக்கும்.

இரண்டாம் படி: பொருளைப் பார்த்து வினையை எடுங்கள்

மணத்திலிருந்து தொடங்கலாம், அதிகம் சறுக்குகிற இடம் அதுதான். மணம் கண்ணுக்குத் தெரியாது, அதனால் ‘மிதந்து வந்தது’ இயல்பாக அமையாது. எழுத்தில் நீண்ட நாளாகப் புழங்குவதால் யாரும் தப்பு என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தேய்ந்த நாணயம். மணத்துக்கான வினைகளை நல்லது, கெட்டது, பொது என்று மூன்றாகப் பிரித்து மனத்தில் வையுங்கள். கமழ் நறுமணத்துக்கு மட்டும், அதுவும் மெல்லிய மணத்துக்கு. சந்தனம் கமழும், தாழம்பூ கமழும். வீசு பொதுவானது: வாசனையும் வீசும், துர்நாற்றமும் வீசும். அடி வலுவானது: ‘பெட்ரோல் வாடை அடிக்கிறது’, ‘குப்பென்று நாற்றம் அடித்தது’. நல்ல மணம் திடீரென்று வந்தால் பேச்சில் ‘வாசம் ஆளைத் தூக்குது’ என்பார்கள். மழையின் முதல் துளி பட்டதும் வரும் மண்வாசனைக்குத் தனி வினை இருக்கிறது: கிளம்பு. ‘மண்வாசனை கிளம்பியது’ என்றால் அது தரையிலிருந்து எழுவது தெரிகிறது. ‘மிதந்தது’ என்றால் எங்கிருந்தோ வந்த வழிப்போக்கன் போலாகிவிடும். மூடிய அறையில் மணம் மூலை முடுக்கெல்லாம் நிறைந்துவிட்டால் பரவியது, நிறைந்தது. கொஞ்சம் கனமான நடையில் வியாபித்தது.

சொல்லின் வயதையும் பார்க்க வேண்டும். நாறு என்ற வினை முன்பு நறுமணத்துக்கும் வழங்கியது. ஆண்டாள் பாசுரத்தில் கற்பூரமும் தாமரையும் நாறுகின்றன. அங்கே அது நறுமணமே. இன்று யாரிடமாவது ‘உங்கள் வீட்டுப் பூ நாறுகிறது’ என்று சொல்லிப் பாருங்கள். வாடை என்ற சொல்லும் அப்படித்தான் இடம் மாறியது: பழந்தமிழில் அது வடக்கிலிருந்து வரும் குளிர்காற்று. இன்று பெரும்பாலும் வாசனை, அதிலும் கொஞ்சம் முகம் சுளிக்க வைக்கிற வாசனை. ஆகவே ‘வாடை வீசியது’ என்று மட்டும் எழுதினால் குளிரா நாற்றமா என்று தெரியாது. காற்றைச் சொல்ல நினைத்தால் வாடைக்காற்று என்று முழுதாக எழுதிவிடுங்கள். மற்ற திசைக் காற்றுகள்: தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. தென்றலைத் தவிர மற்ற இரண்டும் இன்று எழுத்தில் பெரும்பாலும் கவிதையிலும் இலக்கியக் கட்டுரையிலும்தான் உயிரோடு இருக்கின்றன. கோடை என்றால் இப்போது எல்லோரும் வெயில்காலம் என்றே நினைப்பார்கள்.

காற்றின் வினையும் கையோடு. காற்று அடிக்கும், வீசும், புயல் வீசும், சூறாவளி சுழன்றடிக்கும். தென்றல் ஒருநாளும் அடிக்காது. அது வீசும், தவழும், வருடும், கொஞ்சம் தாராள நடையில் உலா வரும்.

புகை. அடர்த்தியாக வெளியேறினால் குபுகுபுவென்று கிளம்பும், கக்கப்படும். ஊதுபத்தியிலிருந்து போவது மெல்லியது, அது நெளியும், சுருள் சுருளாக எழும். மேலே போனதும் கலைந்துவிடும். காற்று இல்லாத நாளில் தாழ்வாகப் படர்ந்து நிற்கும். வெளியேற வழியில்லாத அறையில் சூழும், மண்டும். ‘புகை மண்டிய அறை’ என்ற இரண்டு சொல் செய்கிற வேலையை ‘அறையின் காற்றில் புகை மிதந்துகொண்டிருந்தது’ செய்யாது. புகையை மிதக்கவிட வேண்டுமானால் அது தட்டையாக, அசையாமல், தரைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு படலமாக நிற்கும் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அழகாக உட்காரும்.

மேகம் வானத்தில் இருக்கும்வரை நகரும், ஊரும், காற்று பலமாக இருந்தால் ஓடும். ஒன்றுசேர்ந்தால் திரளும், கூடும். கறுத்து இறங்கினால் கவியும். பிரிந்தால் கலையும். மலையைத் தொட்டுக்கொண்டு போனால் மட்டும் தவழும். இது சும்மா அழகுக்குச் சொன்னது அல்ல: தவழ் என்பது குழந்தை கைகால் ஊன்றித் தரையோடு நகர்வது. உடல் பட ஒரு பரப்பு வேண்டும். ‘மலைமேல் முகில் தவழ்ந்தது’ சரி, ‘வயல்மேல் தென்றல் தவழ்ந்தது’ சரி, ‘முகத்தில் புன்னகை தவழ்ந்தது’ சரி. மூன்றிலும் தொட ஒரு பரப்பு இருக்கிறது. நடுவானில் பறக்கும் பலூன் தவழாது. மித, தவழ் இரண்டுக்கும் நடுவே தயங்கும்போது ‘அடியில் ஏதாவது இருக்கிறதா?’ என்று கேளுங்கள். இருந்தால் தவழ், இல்லையென்றால் மித.

மேகத்தின் பெயரும் வினையை இழுக்கும். மஞ்சு மலையுச்சியில் தங்கும் வெண்மேகம். அதற்குத் தவழ், மூடு. கார் மழை சுமந்த கருமேகம். அதற்குத் திரள், கவி, சூழ். ‘கார்மேகம் மிதந்தது’ என்று எழுதினால் அதன் கனம் போய்விடுகிறது.

பனி இறங்கும், மூடும், படரும், வெயில் ஏறினால் விலகும். உறைபனி நாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பனித்துகள் பெய்தது, உதிர்ந்தது, தூவியது என்று சொல்லலாம். காற்றே இல்லாமல் ஒன்றிரண்டு வரும்போது மிதந்து இறங்கியது. மழைத்துளியைக் காற்று தள்ளிக்கொண்டு வந்தால் சாரல், அதற்கு அடி: ‘ஜன்னலோரம் உட்காராதே, சாரல் அடிக்குது.’

தூசிக்கு ஒரு வாழ்க்கை வரலாறே உண்டு, நான்கு வினைகளில் அடங்கும்: கிளம்பும், பறக்கும், அடங்கும், படியும். வண்டி போனதும் புழுதி கிளம்புகிறது, காற்றில் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்குகிறது, மேசைமேல் படிகிறது. மிதத்தல் இதில் ஒரே ஒரு இடத்தில் வரும். மூடிய அறை, கூரை இடுக்கு வழியே சாய்ந்து விழும் வெயில், அந்தக் கற்றைக்குள் மட்டும் தெரியும் துகள்கள். அங்கே ‘பறந்தது’ என்று எழுதினால் அவசரமாகத் தெரியும். இன்னொன்று: தூசி, புகை, பனி, மணம் ஆகியவை மொத்தமாக எண்ணப்படுபவை. தூசிகள், புகைகள், பனிகள் என்று ‘கள்’ ஒட்டினால் மொழிபெயர்ப்பு நெடி வந்துவிடும். துகள் என்றால் ஒட்டலாம்.

இலை உதிரும், காய்ந்த சருகு பறக்கும், சுழலும். மரத்திலிருந்து தரைக்கு வரும் இடைவெளியை நீட்டிச் சொல்ல நினைத்தால் ‘சுழன்று சுழன்று இறங்கியது’ போதும். எருக்கங்காய் வெடித்துப் பட்டுப்போன்ற மயிரோடு விதை கிளம்பினால் அது பறக்கவும் செய்யலாம், மிதக்கவும் செய்யலாம். காற்றின் வேகத்தைப் பொறுத்து முடிவு உங்களுடையது. ‘பஞ்சாய்ப் பறந்தது’ என்பது மட்டும் உவமையாக உறைந்துவிட்ட தொடர். கவலை பஞ்சாய்ப் பறக்கும், களைப்பு பஞ்சாய்ப் பறக்கும்.

பறவையும் பூச்சியும் உயிருள்ளவை, தம் முயற்சியால் போகின்றன. அவற்றுக்கு மித வராது என்பது பொது விதி. பட்டாம்பூச்சி சிறகடிக்கும், பறந்து திரியும். விதிவிலக்கு பருந்து. சிறகை விரித்து, ஒருமுறைகூட அடிக்காமல், சூடேறிய காற்றின் தூக்கலில் அது நிற்கும்போது மிதக்கிறது என்பதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் இல்லை. சுற்றிச் சுற்றி வந்தால் வட்டமிடும். மனிதருக்கு வட்டமிடு போட்டால் இரைக்கு அலைகிறார் என்ற குறிப்பு தானாக ஏறிவிடும்.

பட்டத்துக்குப் ‘பற’வைவிட விடு, ஏறு இரண்டும்தான் பழகியவை: பட்டம் விட்டோம், பட்டம் ஏறியது. சென்னையில் அதையே காத்தாடி என்பார்கள்; மற்ற பல ஊர்களில் காற்றாடி என்றால் சுழலும் ஓலைப் பொம்மை அல்லது மின்விசிறி. எந்த ஊர்க் கதை என்று முடிவு செய்துவிட்டுச் சொல்லை எடுங்கள். நூல் அறுந்த பிறகு அது அலையும். ‘நூலறுந்த பட்டம்’ திசையின்றித் திரிகிறவருக்கு நல்ல உவமை, ஆனால் எல்லோரும் எடுத்தாண்டு பழசாக்கிவிட்டார்கள்.

அலை, திரி, உலவு மூன்றுக்கும் நடுவே மரியாதை வித்தியாசம் இருக்கிறது. அலைவதில் துன்பம் உண்டு, திரிவதில் பொறுப்பின்மை உண்டு, உலவுவதில் ஓய்வும் கௌரவமும் உண்டு. சஞ்சரிப்பதும் இந்தக் குடும்பம்தான். இப்போது அதை ராசிபலன் எழுதுகிறவர்கள்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். கதையில் போட்டால் குருபெயர்ச்சி நினைவுக்கு வரும்.

ஓசைக்கு எளிய வினைகளை நம்புங்கள். பாட்டு கேட்டது. பாட்டு காதில் விழுந்தது. இந்த இரண்டும் பத்தில் எட்டு இடங்களுக்குப் போதும். கதவிடுக்கு வழியாக வருவது கசியும். இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து போனால் இழையும். இரவில், தூரத்திலிருந்து, காற்றின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வருவதைச் சொல்ல நினைத்தால் ‘மிதந்து வந்தது’ என்று எழுத உரிமை உண்டு. ஆனால் அந்த ஏற்ற இறக்கத்தையும் எழுதுங்கள், இல்லையென்றால் சொல் சும்மா நிற்கும்.

மூன்றாம் படி: திசையும் வேற்றுமையும்

மித, தவழ், அலை மூன்றும் எங்கே போகிறது என்று சொல்லாது. திசையைத் தருவது பின்னால் வரும் வினை. மிதந்து வந்தது என்றால் பார்ப்பவரை நோக்கி. மிதந்து போனது, மிதந்து சென்றது என்றால் விலகி. மிதந்து இறங்கியது என்றால் கீழ்நோக்கி. மிதந்தபடி நின்றது என்றால் இருந்த இடத்தில். ‘மிதந்துகொண்டிருந்தது’ தொடர்ச்சியை மட்டும் காட்டும். புதியவர்கள் இந்தக் கொண்டிருந்ததைக் கண்ட இடத்திலெல்லாம் போட்டுவிடுகிறார்கள். ஒரு பத்தியில் ஒன்று போதும். மற்றவை வெறும் ‘மிதந்தது’ என்றாலே தொடர்ச்சி புரிந்துவிடும்.

காற்று என்ற சொல் எந்த உருபோடு வருகிறது என்பதும் பொருளை மாற்றுகிறது. காற்றில் ஆடியது என்றால் இடம். காற்றுக்கு ஆடியது என்றால் காரணம், காற்று வந்ததால் ஆடியது. பேச்சுத்தமிழில் இது மிக இயல்பு. காற்றோடு போனது என்றால் துணை, கூடவே தொலைந்தது என்ற நிழலும் உண்டு. காற்றால் ஆடியது என்றால் விபத்து அறிக்கை போல ஒலிக்கும். ‘காற்றின் ஊடாக’, ‘காற்றின் வழியாக’ இரண்டையும் அறிவியலுக்கு ஒதுக்கிவிடலாம்.

பல நேரங்களில் மிகச் சிறந்த வழி காற்றையே எழுவாயாக்குவது. ‘காற்று மணத்தைச் சுமந்து வந்தது’, ‘காகிதத்தைக் காற்று அடித்துச் சென்றது’, ‘சருகுகளைக் காற்று வாரிப் போட்டது’. வினை செய்கிறவர் யார் என்பது தெளிவானதும் வாக்கியம் நிமிர்ந்துகொள்கிறது.

நான்காம் படி: ஒற்றும் எழுத்தும்

மிதந்து, பறந்து, தவழ்ந்து, அலைந்து என ‘ந்து’வில் முடியும் எச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது: மிதந்து சென்றது, பறந்து போனது. ‘த்து’வில் முடிந்தால் மிகும்: அடித்துச் சென்றது, இழுத்துப் போனது. இகரத்தில் முடிந்தாலும் மிகும்: எழும்பிப் போனது, பரவிக் கிடந்தது, அள்ளிச் சென்றது. ‘மிதந்துச் சென்றது’ என்ற பிழை அச்சிலும் அடிக்கடி கண்ணில் படுகிறது. காரணம் அடித்துச் சென்றது காதில் பதிந்திருப்பதுதான். உருபுகளில், காற்றில் பறந்தது, காற்றோடு போனது மிகாது. காற்றுக்குப் பறந்தது, மணத்தைச் சுமந்தது மிகும். வினைத்தொகையில் மிகவே மிகாது. அப்பர் தேவாரத்தில் வருவது ‘வீசு தென்றல்’. அதை வீசுத் தென்றல் ஆக்கிவிடாதீர்கள்.

எழுத்து மாறினால் பொருள் மாறும் சொற்கள் இந்தக் குடும்பத்தில் ஏராளம். பறந்த வானம் என்றால் வானம் பறந்துவிட்டது. விரிந்தது என்றால் பரந்த வானம். மணம் வாசனை, மனம் நெஞ்சு. ‘மல்லிகை மனம் வீசியது’ என்ற வரி எத்தனை வாழ்த்து மடலில் வந்திருக்கும்! மிதந்து வேறு, காலால் மிதித்து வேறு. சுழல் சுற்றுவது, சூழல் சுற்றுப்புறம். கமழ், தவழ், திகழ் மூன்றிலும் ழகரம். பரவு தானாக நடப்பது, பரப்பு ஒருவர் செய்வது: வதந்தி பரவியது, வதந்தியைப் பரப்பினார்கள். அலைகிறது தானாகத் திரிவது, அலைக்கிறது மற்றவரை அலையவைப்பது. ஒரு ககர ஒற்றுதான் வித்தியாசம்.

பேச்சுநடையில் காற்றைக் காத்து என்று எழுதுவது சரியே. ஆனால் பாதுகாத்து என்ற பொருளிலும் காத்திருப்பது என்ற பொருளிலும் அதே எழுத்துகள்தான். ‘காத்து வந்துச்சு’ என்று ஒரு வரி தனியாக நின்றால் குழப்பும். பக்கத்தில் ஜன்னலோ மரமோ இருந்தால் தெளிந்துவிடும்.

ஒலிக்குறிப்புச் சொற்களையும் ஜோடி பார்த்தே போட வேண்டும். காற்றுக்குச் சிலுசிலு, கொடிக்கும் சிறகுக்கும் படபட, சருகுக்குச் சரசர, புகைக்குக் குபுகுபு. மிதப்பதற்கு ஒலி கிடையாது, அதற்கு ‘மெல்ல மெல்ல’ போதும். அது அடுக்குத்தொடர், ஒரு ‘மெல்ல’வை எடுத்தாலும் பொருள் நிற்கும். சிலுசிலு இரட்டைக்கிளவி, பாதியை வெட்டினால் ஒன்றுமே மிஞ்சாது.

ஐந்தாம் படி: ஏற்கெனவே வேறு பொருளுக்கு விலைபோன தொடர்கள்

சில தொடர்களை நேர்ப்பொருளில் எழுத முடியாது. வாக்குறுதியைக் காற்றில் பறக்கவிட்டார் என்றால் மீறினார். மானம் காற்றில் பறந்தது, விதி காற்றில் பறந்தது: எல்லாம் கேடுதான். ஆகவே ‘அம்மாவின் சொற்கள் காற்றில் பறந்தன’ என்று கனிவோடு எழுதினாலும், யாரும் அவற்றை மதிக்கவில்லை என்றே படிக்கப்படும். காற்றில் கலந்தார் என்றால் இறந்தார். காற்று வாங்கப் போனார் என்றால் உலாவப் போனார். கடை காற்று வாங்குகிறது என்றால் அங்கே ஈ ஓட்டுகிறார்கள். அந்தரத்தில் விட்டார் என்றால் நட்டாற்றில் விட்டார். அதே அந்தரம் யாழ்ப்பாணத் தமிழில் பதற்றம், அவசரம். ஈழத்து எழுத்தில் ‘அந்தரப்படாதை’ என்று வந்தால் வானத்தைத் தேட வேண்டாம்.

தலைகீழாக, தமிழே தயாராக வைத்திருக்கும் ஒரு நல்ல தொடர் காற்றுவாக்கில். காற்று போகிற போக்கில் என்பது நேர்ப்பொருள். ‘காத்துவாக்குல கேள்விப்பட்டேன்’ என்றால் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று திட்டமாகத் தெரியாமல் காதுக்கு வந்த செய்தி. ‘வதந்தி மிதந்து வந்தது’ என்று எழுத நினைக்கும்போதெல்லாம் இதை எடுத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: ஒரு பத்தியைப் பழுதுபார்த்தல்

முதல் வரைவு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

‘மண்ணின் வாசனை காற்றின் வழியாக மிதந்துகொண்டிருந்தது. ஜன்னலின் ஊடாக வந்த சூரிய ஒளியில் தூசிகள் தவழ்ந்தது. மலையின் மேல் மேகங்கள் பறந்துகொண்டிருந்தன. தூரத்திலிருந்து ஒரு பாடலின் ஓசை மிதந்துச் வந்தது.’

முதல் வாக்கியத்தில் மண்வாசனைக்கு உரிய வினை வரவில்லை. ‘காற்றின் வழியாக’ தேவையே இல்லை, வாசனை வேறு எதன் வழியாக வரும்? இரண்டாவதில் மூன்று கோளாறு: தூசிக்குக் ‘கள்’, பன்மை எழுவாய்க்கு ஒருமை முற்று, அடியில் பரப்பே இல்லாத இடத்தில் தவழ். மூன்றாவதில், மலையைத் தொடும் மேகம் பறக்கிறது. தவழ் வேண்டியது இங்கேதான், மேலே வீணாகிவிட்டது. நான்காவதில் மிதந்து என்பதற்குப் பின் ஒற்று, அதுவும் வகரத்துக்கு முன்னால் சகர ஒற்று. ‘சென்றது’ என்று எழுதி ‘வந்தது’ என்று மாற்றியவர் பழைய ஒற்றை அழிக்க மறந்திருக்கிறார். பாடலின் ஓசை என்பதும் சுற்றி வளைப்பு.

திருத்திய பிறகு:

‘தூறல் விழுந்ததும் மண்வாசனை கிளம்பியது. ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த வெயிலில் தூசி மிதந்தது. மலைமேல் மேகம் தவழ்ந்து இறங்கியது. எங்கோ பாட்டு கேட்டது. காற்று திசை மாறியதும் பாதி அடியில் நின்றுவிட்டது.’

கடைசி இரண்டு வாக்கியங்களில் ‘மித’ இல்லை, ஆனால் பாட்டு காற்றை நம்பி வந்தது தெரிகிறது. மிஞ்சிய ஒரே ‘மித’ தூசிக்குப் போயிருக்கிறது. அதையும் எடுத்துவிட்டு ‘பறந்தது’ போட்டுப் பாருங்கள்; யாரோ அந்த அறையில் துடைப்பத்தோடு நிற்பது போலத் தோன்றும்.